யாருடைய மானம்?

போர் வந்தால் ஊர் எரியும், உயிர் மடியும், உடைமை பறிபோகும். இவற்றையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதி வைத்த பன்னாட்டுச் சட்டம், பெண்ணுக்கு நேரும் கொடுமையை மட்டும் வேறொரு பெயரால் எழுதிற்று. மானம் என்பதே அந்தப் பெயர்!

1907-ஆம் ஆண்டு ஹேக் நகரிலே கூடிய அரசுகள் போர்முறைக்கு விதி வகுத்தன. ஒரு நாட்டைப் பிடித்த படை, அங்குள்ளோரின் உயிரையும் தனியுடைமையையும் 'குடும்ப மானத்தையும்' மதிக்க வேண்டும் என்றது 46-ஆம் விதி. குடும்பத்துக்கு ஒரு மானம் உண்டாம். அதைப் பூட்டி வைத்த பேழை பெண்ணின் உடலாம்! பேழை உடைபட்டால், பேழைக்கு நேர்ந்தது என்ன என்று கேட்பார் இல்லை. உள்ளே இருந்தது போயிற்றே என்பதுதான் உடையவனின் ஒப்பாரி.

உலகப் போர்கள் இரண்டு முடிந்தன. 1949 ஆகஸ்ட் 12-இல் பிறந்தது, குடிமக்களைக் காப்பதற்கென்றே நான்காம் ஜெனீவா உடன்பாடு. அதன் 27-ஆம் பிரிவு, பெண்களின் மானத்தின்மீது தொடுக்கப்படும் தாக்குதலிலிருந்து அவர்களைச் சிறப்பாகக் காத்திட வேண்டும் என்று பேசி, அத்தாக்குதலுக்கு எடுத்துக்காட்டாக வன்புணர்ச்சியைக் குறிப்பிட்டது. கொடிய மீறல்கள் இன்னின்னவை எனப் பட்டியலிடும் 147-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். கொலை இருக்கிறது, சித்திரவதை இருக்கிறது, உடைமையைப் பெருமளவில் அழிப்பதும்கூட இருக்கிறது. வன்புணர்ச்சி என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், தோழர்களே, கிடைக்காது!

"நல்லெண்ணத்தோடுதானே எழுதினர்? மானம் உயர்ந்த சொல் அன்றோ?" என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அந்தச் சொல்லிடம் நமக்கும் காதல் உண்டு; மேடைதோறும் அதை முழங்கியவர்கள் நாம். ஆகவேதான் அதை உரைத்துப் பார்க்கும் கடமையும் மற்றவரைவிட நமக்கு மிகுதி. தன்மானம் என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே கொள்ளும் மதிப்பு. பிறர் அதைப் பறிக்க இயலாது. தாமே கைவிட்டாலன்றிப் போகாது. சட்டம் பேசிய மானமோ ஊரார் கண்ணிலே குடியிருப்பது. கணவனுக்கும் தந்தைக்கும் இனத்துக்கும் உரியது. அவளுக்கு மட்டும் உரியதல்ல. தாக்குண்டு கை ஒடிந்தவனை மானம் இழந்தவன் என்போமா? பொருளைப் பறிகொடுத்தவன் முகத்தை மூடிக்கொண்டா நடக்கிறான்? இந்த ஒரு குற்றத்தில் மட்டும், செய்தவன் நிமிர்ந்து செல்கிறான், துன்புற்றவள் முக்காடிடுகிறாள். இம்முறையை அறம் என்று எவரும் ஒப்புவரோ?

இதன் விளைவைக் கொரிய நாட்டிலே காணலாம். 1930-களிலிருந்து 1945 வரை, கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் பெண்களை ஜப்பானியப் படை அடைத்து வைத்துச் சீரழித்தது. 'ஆறுதல் மகளிர்' என்று அவர்களுக்குப் பெயரும் சூட்டிற்று. யாருக்கு ஆறுதல்! போர் முடிந்ததும் தோக்கியோவில் நீதிமன்றம் அமைந்தது. நீதிபதிகள் 11 பேர், பதினொருவரும் ஆடவர். 1948-இல் தீர்ப்பளித்த அம்மன்றம், இந்த ஏற்பாட்டைத் தனிக் குற்றமாக எடுத்து விசாரிக்கவில்லை.

1991 ஆகஸ்ட் 14 அன்று, சியோல் நகரிலே கிம் ஹாக்-சுன் என்னும் மூதாட்டி, "நான் அவர்களுள் ஒருத்தி" என உலகறியச் சொன்னார். 45 ஆண்டுகளுக்கு மேல் அந்த வாயைப் பூட்டி வைத்தது எது? ஜப்பானியப் படையா? அது 1945-லேயே தோற்று ஒழிந்ததே! படை போயிற்று, மானம் என்ற காவலாள் மட்டும் வாயிலை விட்டு அகலவில்லை.

அதே 1991-இல் ஹிலாரி சார்ல்ஸ்வொர்த், கிறிஸ்டின் சின்கின், ஷெல்லி ரைட் ஆகிய மூவர், பெண்ணிய நோக்கிலே பன்னாட்டுச் சட்டத்தை ஆய்ந்து அமெரிக்கச் சட்ட இதழ் ஒன்றில் கட்டுரை தீட்டினர். அரசு அரசோடு மோதுவதைப் பொதுக் காரியம் என்றும், வீட்டுக்குள் பெண் அடிபடுவதைத் தனிக் காரியம் என்றும் கோடு கிழித்து வைத்தவர் யார் என்று அவர்கள் வினவினர். 1984-இன் சித்திரவதை எதிர்ப்பு உடன்பாட்டைப் பாருங்கள்: அதிகாரியின் கையோ இசைவோ இருந்தால்தான் அது சித்திரவதை!

பிறகு ருவாண்டா. 1994-இல் ஏறத்தாழ நூறு நாட்களில் துட்சி இனத்தார் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்ட நாடு. தாபா வட்டாரத்தின் தலைவர் அகயேசு மீதான வழக்கு, தான்சானியாவின் அரூஷா நகரிலே 1997-இல் நடந்தது. முதற்குற்றப்பத்திரிகையில் வன்புணர்ச்சி இல்லை. வேறொன்றைச் சொல்ல வந்த பெண் சாட்சி, தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததையும் சொன்னாள். நீதிபதிகள் மேலும் வினவினர். அம்மூவருள் ஒருவர் பெண்: டர்பனில் பிறந்த தமிழ் வழிவந்த நவநீதம் பிள்ளை. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-இல் வந்த தீர்ப்பு, குடும்ப மானத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கட்டாயச் சூழலில் ஒருவர் உடல்மீது நிகழும் ஆக்கிரமிப்பு என்று இக்குற்றத்துக்கு இலக்கணம் வகுத்தது. சித்திரவதைக்கு ஒப்பானது என்றது. இன அழிப்பின் கருவியாகவும் அது அமைந்தது என்றது.

இங்கும் நமக்கொரு ஐயம் உண்டு. இனத்தை அழிக்கும் கருவி என்று மெய்ப்பித்தால்தான் கொடுமை பெரிதாகுமா? குடும்பத்தின் இடத்திலே இனம் வந்து அமர்ந்துகொண்டால், அவள் எங்கே நிற்பாள்? பெண்ணியச் சட்ட அறிஞரிடையேயும் இவ்வழக்காடல் ஓயவில்லை. ஆயினும் 1998 ஜூலையில் ரோமில் ஏற்கப்பட்ட பன்னாட்டுக் குற்றவியல் மன்றச் சட்டம், வன்புணர்ச்சியை அதன் சொந்தப் பெயராலேயே போர்க்குற்றம் என எழுதியது. 1949-இன் 27-ஆம் பிரிவோ, அந்தப் பழைய சொல்லோடு, திருத்தப்படாமல் இன்றும் நிற்கிறது.

கிம் ஹாக்-சுன் 1991 டிசம்பரில் தோக்கியோவிலே ஜப்பானிய அரசுமீது வழக்குத் தொடுத்தார். 1997 டிசம்பரில் மறைந்தார். அரூஷாத் தீர்ப்பு வர அப்போது ஒன்பது திங்கள்கூட இல்லை. அவருடைய வழக்கை ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2004-இல் தள்ளுபடி செய்தது.