உழுதவர் உறங்கும் நிலம்

இறந்தோரை நினைத்தல் மாந்தர்க்குப் பொதுவான பண்பு. மகன் தந்தையை நினைக்கின்றான். பெயரன் பாட்டனை நினைக்கின்றான். போரில் வீழ்ந்தவனை அவன் நாடு நினைக்கின்றது. இந்நினைவுகளுக்கெல்லாம் உறவு என்னும் வேர் உண்டு. ஆதலால் அவை தாமே தழைக்கின்றன. ஆனால், நினைப்பதற்கு உறவினர் எவரும் அருகில் இல்லாதவரை நினைப்பவர் யார்? ஓர் ஊரே கலைந்து போனபின், அவ்வூரார் துயிலும் மண்ணைக் காப்பவர் யார்? அக்கடமை எவர்க்கும் உரியதன்று என்று கொள்வதா? அன்றி, எல்லார்க்கும் உரியது என்று கொள்வதா?

இவ்வினா ஏட்டளவில் ஆராய்ந்து விடுவதற்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டின் ஒன்டேரியோ மாநிலத்தில் பிரைஸ்வில் என்னும் சிற்றூரார் இவ்வினாவுக்குத் தம் வாழ்விலேயே விடையளிக்க வேண்டியவராயினர். அவ்வூரின் வரலாறு, நினைவைப் பற்றியும் மறதியைப் பற்றியும் ஆழ்ந்து எண்ண வைப்பதாகும்.

காடு கழனியானது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரைஸ்வில்லை ஒட்டிய டர்ஹம் சாலையோரம் அடர்ந்த காடாக இருந்தது. அக்காட்டை வெட்டித் திருத்திய முதற் குடியேறிகளுள் கறுப்பின உழவர் பலர் இருந்தனர். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834ஆம் ஆண்டில் சட்டப்படி முடிவுற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது மேலும் முப்பதாண்டுகள் நீடித்தது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு 1850இல் அங்கு கடுமையான சட்டமும் இயற்றப்பட்டது. விடுதலை வேண்டி எல்லை கடந்து வடக்கே வந்தோரும், கனடாவிலேயே முன்னர்க் குடியமர்ந்திருந்த கறுப்பினத்தாரும் இத்தகைய காட்டு நிலங்களை நாடிச் சென்றனர்.

அவர்கள் நாடியது பொன்னும் பொருளும் அல்ல. பிறர்க்காக உழுது உழுது சலித்த கைகள், தமக்காக ஒருமுறை உழ விரும்பின. ஓங்கி வளர்ந்த மரங்களை வீழ்த்தினர், வேர்களைக் கல்லியெடுத்தனர், மரக்குடில் அமைத்தனர், நீண்ட பனிக்காலத்தைத் தாங்கினர். பிள்ளை பெற்றனர், இறந்தோரைச் சாலையோரத்திலேயே ஒரு நிலத்தில் அடக்கம் செய்தனர். ஒருவன் தன் தாயைப் புதைத்த இடத்தை விட்டு எளிதில் நீங்கான். ஆதலால் ஒரு கூட்டத்தார் கல்லறை அமைத்தனர் எனின், அவர்கள் அந்நிலத்தை வழிப்போக்கர் சத்திரமாகக் கருதவில்லை என்பது வெள்ளிடைமலை. 'இங்கே நாம் நிலைக்கப் போகின்றோம்' என்பதே அக்கற்களின் பொருள்.

ஆயினும் அவர்கள் நிலைக்கவில்லை. அதன் காரணத்தை அறிய, அதே மாநிலத்தில் சற்றுத் தெற்கே இருந்த 'குவீன்ஸ் புஷ்' என்னும் குடியேற்றத்தின் கதை துணைபுரியும். 1840களில் அங்கு 1,500க்கும் மேற்பட்ட கறுப்பினத்தார் அளக்கப்படாத அரசு நிலத்தில் காடு திருத்தி வாழ்ந்தனர். பின்னர் அரசு அந்நிலத்தை அளந்து விலை குறித்தது. தம் வியர்வையால் விளைநிலமான மண்ணையே விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. கையில் பொருள் இல்லாதோர், திருத்திய கழனியைக் கைவிட்டுப் புதுக்காடு தேடிப் புறப்பட்டனர். அடித்து விரட்டும் தடி அங்குத் தேவைப்படவில்லை. அளவுச் சங்கிலியும் பட்டாத் தாளுமே போதுமானவையாக இருந்தன.

பிரைஸ்வில் பகுதியிலும் ஐரோப்பியக் குடியேறிகள் பெருகப் பெருகக் கறுப்பின உழவர் குறைந்தனர். சிலர் ஓவன் சவுண்ட் போன்ற நகரங்களுக்குச் சென்றனர். சிலர் இன்னும் தொலைவு சென்றனர். சிலர் வெள்ளையரோடு மணவுறவு கொண்டு, தலைமுறைகள் கடந்தபின் தம் மூலமே புலப்படாதவாறு கலந்தனர். உயிரோடிருந்தோர் நீங்கினர், இறந்தோர் மட்டும் அங்கேயே இருந்தனர்.

கல்லறை கிழங்குத் தோட்டமானது

1930களில் அந்நிலத்தை உழுத உழவர் ஒருவர், கல்லறைக் கற்களை அகற்றி மண்ணில் புதைத்துவிட்டு, அவ்விடத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டார். உடைந்த கல்லொன்று பேஸ்பால் ஆட்டத்தில், ஆட்டக்காரர் ஓடிவந்து காலால் தொடும் தளக்கல்லாகப் பயன்பட்டது என்றும் ஊரில் பேச்சு நிலவியது. ஒரு தாயின் பெயரோ ஒரு பிள்ளையின் வயதோ பொறிக்கப்பட்டிருந்த கல், விளையாட்டுப் பொருளாயிற்று.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மறதி என்பது மழையைப் போல் தானே வந்து பெய்வது என்றே பலரும் எண்ணுகின்றனர். காலம் மறக்கச் செய்கின்றது என்று சொல்லி அமைதி கொள்கின்றனர். காலம் செய்வதும் உண்டு. பாசி படர்வதும், எழுத்துத் தேய்வதும், கல் சாய்வதும் காலத்தின் செயல்களே. ஆனால் கல் தானே எழுந்து நடந்து சென்று மண்ணுக்குள் புகுவதில்லை. அதனைப் பெயர்த்தவை மனிதக் கைகள். அதனைப் பார்த்தும் பாராதிருந்தவை மனிதக் கண்கள். ஆதலால் மறதியுள் இருவகை உண்டு: நேர்ந்த மறதி ஒன்று, செய்த மறதி மற்றொன்று. முன்னதற்காக எவரையும் குறை கூறுதல் தகாது. பின்னதோ ஒரு செயல். செயல் எனின், அதனை அறத்தின் துலாக்கோலில் நிறுத்தே ஆகவேண்டும்.

இறந்தோர்க்குத் தீங்கு உண்டோ?

'இறந்தோர் எதனையும் உணரார். உணராதவர்க்குத் தீங்கு ஏது? கிழங்கு விளைந்தால் பசித்தவர்க்கு உணவாகும். கல் நின்றால் யாருக்கு என்ன பயன்?' என வினவுவோர் உளர். நாம் உள்ளபோது இறப்பு இல்லை. இறப்பு உள்ளபோது நாம் இல்லை என்ற கருத்தைக் கிரேக்க அறிஞர் எப்பிக்கூரசு பண்டே கூறியுள்ளார். இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 1930கள் வறுமை மிகுந்த காலம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

எனினும், இவ்வாதத்தில் ஒரு குறை உண்டு. உணர்வதால் மட்டுமே தீங்கு தீங்காகும் என்று அது கொள்கின்றது. ஒருவன் முதுகுக்குப் பின்னே பழி தூற்றப்படுகின்றான். அதனை அவன் இறுதிவரை அறியவேயில்லை. அவனுக்குத் தீங்கு இழைக்கப்படவில்லை என்று யாரேனும் சொல்வரோ? இறக்கும் தறுவாயில் இருப்பவனுக்கு ஒரு வாக்குறுதி அளித்துவிட்டு, அவன் கண்மூடிய மறுகணமே அதனைக் கைவிடுவோனை உலகம் என்னவென்று அழைக்கும்? ஒருவனுடைய பெயரும், அவனுடைய உழைப்பைப் பற்றிய உண்மையும், அவன் மூச்சோடு முடிந்து விடுவதில்லை. அவை அவனுக்கு உரியனவாகவே நிற்கின்றன.

அன்றியும், கல்லறைக் கல் இறந்தோர்க்காக மட்டும் நடப்படுவதன்று. அது வருங்காலத்தார்க்கு எழுதிய ஒரு வரி மடல். 'நான் இங்கு வாழ்ந்தேன்' என்பதே அம்மடலின் செய்தி. பண்டைத் தமிழர் வீரனுக்கு நடுகல் எடுத்தபோது, அவன் பெயரும் பீடும் எழுதி நட்டனர். தொல்காப்பியம் கல் நடும் முறையைப் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. கல் பேசும் என்னும் நம்பிக்கை இல்லாதோர் அதற்கு இத்துணை முறைமை வகுத்திரார். அக்கல்லைப் பெயர்ப்பவன் மடலைக் கிழிப்பவன் ஆகின்றான். தீங்கு இறந்தோர்க்கு மட்டுமன்று. அதனைப் படிக்க வேண்டிய பிறவாத தலைமுறைக்கும் ஆகும். பிரைஸ்வில்லில் பின்னர்ப் பிறந்த குழந்தைகள், தம் ஊரின் முதற் கழனிகளைத் திருத்தியவர் யாவர் என்று கற்கும் வாய்ப்பை இழந்தனர்.

மௌனத்தின் காரணம்

1980களில், அம்முதற் குடியேறிகளின் வழிவந்தோர் ஒன்றுகூடினர். அவர்களுள் கறுப்பினத்தாரும் இருந்தனர், வெள்ளையரும் இருந்தனர். கல்லறையை மீட்பதே அவர்கள் நோக்கம். அரும்பாடுபட்டுத் தேடி, புதையுண்ட கற்களுள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவ்விடம் மீண்டும் கல்லறையாக அர்ப்பணிக்கப்பட்டது. அர்ப்பணித்தவர் அப்போதைய ஒன்டேரியோ துணை ஆளுநர் லிங்கன் அலெக்சாண்டர். 1968இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பினத்தவர் அவரே. உழுது மறைக்கப்பட்டோர்க்கு, அம்மாநிலத்தின் முதன்மைப் பதவியில் இருந்த அவர்தம் இனத்தவர் ஒருவர் தலை வணங்கினார்.

ஆனால் இம்மீட்பு ஒருமனதாக நடந்தேறவில்லை. 'பழையதை ஏன் கிளற வேண்டும்?' என்னும் குரலும் எழுந்தது. ஊரில் சிலர் வாய் திறக்க மறுத்தனர். இப்போராட்டத்தைக் கனடா தேசியத் திரைப்படக் கழகம் 2000ஆம் ஆண்டில் ஆவணப்படமாக வெளியிட்டது. 'இறந்தோர்க்காகப் பேசுவோர்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அப்படம், கல்லைத் தேடிய கதையை மட்டுமன்றி, மௌனத்தின் கதையையும் காட்டியது.

அம்மௌனத்துக்குக் காரணம் வெறுப்பு ஒன்றே அன்று, அச்சமும் காரணம். கல்லில் உள்ள குடும்பப் பெயர் தம் குடும்பப் பெயராக இருந்துவிடுமோ என்னும் அச்சம். பாட்டனார் செய்த செயலுக்குத் தாம் தலைகுனிய நேருமோ என்னும் அச்சம். இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. அதே வேளையில் அதற்கு அடங்கிப் போதலும் முறையன்று. பாட்டன் செய்த பிழைக்குப் பெயரனைக் குற்றவாளியாக்குவது நீதியாகாது. ஆனால் பாட்டன் புதைத்த கல்லைப் பெயரன் அறிந்தும் தோண்டாதிருப்பானாயின், அது பாட்டன் செயலன்று, பெயரனின் செயல். குற்றம் மரபுவழி வருவதில்லை, கடமையோ வருகின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராமையாலேயே நல்லவர் பலரும் வாய்மூடி நிற்கின்றனர்.

கடமை யாருடையது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை காணலாம். தென்புலத்தாரைப் போற்றுதலை இல்வாழ்வானின் கடமைகளுள் முதலாவதாக வள்ளுவர் வைத்தார். அஃது ஒவ்வொருவரும் தத்தம் முன்னோர்க்கு ஆற்றுவது. உறவு அறுந்துபோன இடத்தில் அக்கடமையும் அறுந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் உறவு குருதியால் மட்டும் அமைவதன்று, நிலத்தாலும் அமைகின்றது. ஒருவர் திருத்திய கழனியில் மற்றொருவர் அறுவடை செய்கின்றார். ஒருவர் வெட்டிய பாதையில் மற்றொருவர் நடக்கின்றார். அவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் கொடுத்தவரும் பெற்றவரும் ஆகின்றனர். பெற்றவர்க்கு நன்றிக் கடன் உண்டு. ஆகவே, உறவினர் இல்லாத இறந்தோர்க்கு உறவினர் யாவர் எனின், அவர்கள் மண்ணில் இன்று வாழ்வோரே.

இக்கடனைத் தீர்த்த சான்றும் அம்மாநிலத்திலேயே உண்டு. ஓரோ என்னும் ஊரில் 1812ஆம் ஆண்டுப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்கு 1819 முதல் நிலம் வழங்கப்பட்டது. அக்குடியேற்றமும் நாளடைவில் கலைந்தது. ஆனால் 1849இல் அவர்கள் மரத்தால் கட்டிய சிறு தேவாலயம், அருகே துயில்வோர்க்குக் காவலாக இன்றும் நிற்கின்றது. நாட்டின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாகவும் போற்றப்படுகின்றது. ஓரோவிலும் ஊர் மறைந்தது. பிரைஸ்வில்லிலும் ஊர் மறைந்தது. ஓரிடத்தில் காத்தனர், ஓரிடத்தில் உழுதனர். இவ்வேறுபாட்டைச் செய்தது காலமன்று, மாந்தர் மனமே.

நினைவுகூர்தல் என்பது கல் நட்டு மாலை சூட்டுவதோடு முடிவதும் அன்று. 'இங்குக் கறுப்பின உழவர் வாழ்ந்தனர்' என்று மட்டும் எழுதி வைப்பது பாதி உண்மை. அவர்கள் ஏன் நீங்கினர், அவர்தம் கற்கள் எவ்வாறு மறைந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னாலே உண்மை முழுமை பெறும். இழப்பை மறைத்துப் புகழ்ச்சியை மட்டும் பாடுவது, மீண்டும் ஒருமுறை உழுவதற்கு ஒப்பாகும்.

இப்பணியில் ஆசிரியர்க்குப் பெரும்பங்கு உண்டு. மன்னர் ஆண்ட ஆண்டுகளை மனனம் செய்விப்பதோடு வரலாற்றுப் பாடம் நிறைவுறாது. தாம் நிற்கும் நிலத்தை முதலில் திருத்தியவர் யாவர், அவர்தம் வழியினர் இன்று எங்குளர் என்று வினவும் பழக்கத்தை மாணவர் உள்ளத்தில் விதைப்பதே உயர்ந்த வரலாற்றுக் கல்வி. அவ்வினாவைக் கேட்கப் பழகிய சிறுவன், ஆட்டக்களத்தில் எழுத்துப் பொறித்த கல்லொன்றைக் கண்டால், அதன் மேல் கால் வைக்கமாட்டான். குனிந்து, மண்ணைத் துடைத்து, அதில் உள்ள பெயரைப் படிப்பான்.