பூனையும் பயிற்சியும்



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு தாய் என்னை நோக்கி, "ஐயா, நாம் பஞ்சசீலம் ஏற்றவர்கள். எலியைக் கொல்லும் பூனையை வீட்டில் வளர்க்கலாமா? அதற்கு அஹிம்சையைப் பழக்க முடியாதா?" என்று வினவினார். நான்கு பூனைகளோடு வாழ்பவன் யான் என்பதை அறிந்தே அவர் கேட்டார். அன்று நேரமின்மையால் சுருக்கமாக விடை கூறினேன். இன்று அதை விரித்துரைப்பதோடு, அக்கேள்வி என் சொந்த வாழ்வில் எவ்விடத்தில் தைத்தது என்பதையும் மறைக்காது சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீடு ஒரே அறை. மழைக்காலத்தில் சாக்கடை நீர் வாசற்படி ஏறும். அதனோடு எலியும் ஏறும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் எலிக்காய்ச்சல் பரவுவதைப் பம்பாய்வாசிகள் அனைவரும் அறிவர். 1896இல் இந்நகரைத் தாக்கிய கொள்ளைநோயும் எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியால் பரவியதே. அந்நோயின் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டுதான் தாதர், மாட்டுங்காப் பகுதிகளின் அகன்ற தெருக்களைத் திட்டமிட்டது. அத்தெருக்களின் காற்றும் வெளிச்சமும் எட்டாத குடிசைகளில் எலி இன்றும் குடியிருக்கிறது. ஆகவே ஒரு தாய்ப்பூனை குட்டிகளோடு வந்து பரண்மேல் தங்கியபோது என் இல்லாள் அதை விரட்டவில்லை. வெள்ளை, கறுப்பி, செம்பன், சின்னான் என நால்வர் எங்கள் குடும்பத்தில் சேர்ந்தது இவ்வாறுதான்.

சேர்ந்த ஒரு திங்களுக்குள் தொல்லை தொடங்கிற்று. மீன் சட்டியை உருட்டின. தையல் இயந்திரத்தின்மேல் இருந்த துணியைக் கிழித்தன. சமய நூல்கள் அடுக்கிய மூலையில் சிறுநீர் கழித்தன. யான் கோலை எடுத்தேன்.

எனக்குத் தெரிந்த கல்வி அதுவே. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் நொடிந்து நின்ற மில்களுள் ஒன்றில், பதினெட்டாம் வயதில் நூற்புப் பிரிவில் சேர்ந்தேன். அறுந்த இழையைப் பிணைப்பது என் வேலை. கை தாமதித்தால் ஜாபர் பின்னந்தலையில் அறைவார். அந்த அறையினால் யான் வேலை கற்றேன் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். உண்மையில் கற்றது வேறு. அவர் வரும் காலடி ஓசையை இயந்திரங்களின் இரைச்சலுக்கிடையே பிரித்தறியக் கற்றேன். இழையைப் பிணைக்கக் கற்றுத் தந்தவர், என் விரலைப் பிடித்து மெல்லக் காட்டிய ஒரு முதிய தொழிலாளியே.

பூனைகளும் அவ்வாறே கற்றன. கோல் விழுந்தபின் செம்பன் மீனை விடவில்லை. யான் வெளியே போகும் வரை காத்திருக்கப் பழகிற்று. கறுப்பி நூல் மூலையை விட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்து அசுத்தம் செய்தது. குற்றம் நடந்து சற்று நேரம் கழித்து அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்பதைப் பூனை உணராது. அது உணர்வதெல்லாம் அடிக்கும் கையைத்தான்.

பின்னர்ப் பரேலிலுள்ள பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக வைத்தியசாலைக்குச் சென்று, இனம் பெருகாதிருக்க அவற்றுக்குச் சிகிச்சை செய்வித்தேன். பூனை ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். தடுக்காவிடில் நான்கு நாற்பதாகிப் பட்டினியால் மடியும். அதன்பின் நால்வருக்கும் தனித்தனித் தட்டு வைத்தோம். பூனை தன் பங்கைப் பிறரோடு பகிர விரும்பாத பிராணி. ஒரே தட்டு என்றால் சண்டை நிச்சயம். மணல் பரப்பிய தட்டுகளை வெவ்வேறு மூலைகளில் வைத்து அன்றாடம் தூய்மை செய்தோம். கட்டில் காலில் சாக்கைச் சுற்றி நகம் தீட்ட இடம் தந்தோம். மணல் தட்டில் ஏறியதும், சாக்கைக் கீறியதும், அந்தக் கணமே ஒரு துணுக்கு மீன் அளித்தோம். மீன் சட்டிக்கு மூடியும், மூடிமேல் ஒரு கல்லும் வைத்தோம். மூன்று திங்களில் வீடு அமைதியுற்றது.

நிற்க. அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பூனைக்கு அஹிம்சையைப் பழக்க முடியாது. அதன் உடல் ஊன் உணவுக்கென்றே அமைந்தது. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. ஊனிலிருந்தே அது பெற வேண்டும். சோறும் பாலும் மட்டும் தந்தால் காலப்போக்கில் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது. ஆகவே எலியைப் பிடித்த பூனையைப் பாவி என்று வெறுப்பது அறியாமை.

சீலங்களைப் பாளியில் 'சிக்காபதம்' என்கிறோம். பயிற்சிப் படி என்பது அதன் பொருள். அது மேலிருந்து இடப்பட்ட ஆணை அன்று. ஒருவன் தானே முன்வந்து, இதில் யான் என்னைப் பழக்கிக்கொள்கிறேன் என்று ஏற்பது. தானே ஏற்கும் ஆற்றல் பூனைக்கு இல்லை, மனிதனுக்கு உண்டு. பஞ்சசீலம் பூனையின் வாய்க்கு இட்ட கட்டு அன்று, என் கைக்கு யான் இட்டுக்கொண்ட கட்டு. என் கையிலிருந்த கோல் கீழே விழுந்தது இதை உணர்ந்த அன்றுதான்.

இனிச் சொல்வது கூறுவதற்குக் கடினமானது.

அங்குத்தர நிகாயத்தில் நான்கின் தொகுதியில் கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளனைப் பற்றிய ஒரு சூத்திரம் உளது. அவன் குதிரைகளை மென்மையாலும், கடுமையாலும், இரண்டும் கலந்தும் பழக்குவதாகவும், எதற்கும் அடங்காத குதிரையைக் கொன்றுவிடுவதாகவும் பகவானிடம் கூறுகிறான். தாமும் மனிதரை அம்மூன்று வழிகளிலும் பழக்குவதாகப் பகவான் கூறுகிறார். அவர் கூறும் கடுமை அடி அன்று. தீய செயலையும் அதன் விளைவையும் எடுத்துரைப்பதே. எதற்கும் அடங்காதவனைத் தாமும் கொல்வதாகப் பகவான் கூறவே, கேசி திடுக்கிட்டு, உயிர்க்கொலை தங்களுக்குத் தகாதே என்கிறான். ஒருவனை இனிப் பேசத்தக்கவன் அல்லன், அறிவுரைக்கும் உரியவன் அல்லன் என்று விட்டுவிடுவதே இந்நெறியில் கொலை என்று பகவான் விளக்குகிறார்.

இந்தச் சூத்திரத்தைப் பலமுறை மேடையில் விளக்கியவன் யான். ஒரு நாள் மாலை சின்னானை மடியில் வைத்து, "ஏனடா இன்று உண்ணவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பருகே இருந்த என் இல்லாள் திரும்பாமலே, "பூனையோடு இவ்வளவு பேசுகிறீர்களே, பெற்ற பிள்ளையோடு பேசி மூன்று வருடம் ஆகிறது" என்றாள்.

உண்மை. என் மகனையும் யான் ஜாபர் வழியிலேயே வளர்த்தேன். கணக்கில் குறைந்தால் அடி, பொழுது சாய்ந்து வந்தால் அடி. இருபத்திரண்டாம் வயதில் அவன் என்னைக் கேளாமல் வேலையை விட்டபோது கையை ஓங்கினேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தி, கீழே இறக்கிவிட்டு, செம்பூருக்குக் குடிபெயர்ந்தான். அன்று முதல் யான் எவரையும் அடித்ததில்லை. அதையே அஹிம்சை என்று எண்ணிப் பெருமை கொண்டேன். அவனோடு பேசாதிருந்ததை ஒரு குற்றமாக எண்ணவேயில்லை.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. எலிகள் அதனருகே நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி செதுக்கிய அந்தப் போலித் தவத்தைக் கண்டு சிரித்தவன் யான். கோலை மட்டும் கீழே போட்டுவிட்டு, மௌனத்தால் மகனைத் தண்டித்த யானும் அந்தப் பூனையே என்பதை அன்று மாலை அறிந்தேன்.

மறு ஞாயிறு செம்பூர் சென்றேன். அறிவுரை எதுவும் கூறவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "நீங்கள் சாப்பிட்டீர்களா அப்பா?" என்றான். அவ்வளவே எங்கள் உரையாடல். இப்பொழுது திங்களுக்கு ஒருமுறை வருகிறான். செம்பனுக்கு மீன் வாங்கி வருகிறான். என்னருகே அமரும்போது இன்னும் என் வலக்கையைப் பார்த்துக்கொண்டே அமர்கிறான். அந்த அச்சம் நீங்க எத்தனை ஆண்டாகும் என்று யான் அறியேன். அடித்த ஆண்டுகள் பலவாதலால், பொறுக்க வேண்டிய ஆண்டுகளும் பலவாகலாம்.

சகோதரர்களே! உங்கள் வீட்டில் பூனை இருந்தால் அதற்குத் தட்டும் மணலும் பொறுமையும் தாருங்கள். உங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோன ஒருவர் இருந்தால், அடுத்த பௌர்ணமிக்குக் காத்திராமல், இன்றே சென்று ஒரு வார்த்தை பேசுங்கள். சீலத்தின் முதற்படியை அவ்வார்த்தையிலிருந்தே ஏறத் தொடங்கலாம்.

சகல ஜீவராசிகளும் அச்சமின்றி வாழ்க!