ஒளியும் எல்லையும்

மின்சாரம் பண்டமா, உரிமையா? ஒதுங்கிக் கிடக்கும் தீவொன்றில் 100 பேர் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களுக்கு விளக்கேற்றும் செலவு, அவர்கள் செலுத்தக்கூடிய கட்டணத்தினும் பன்மடங்கு மிகும். இலாபக் கணக்கின்படி அவர்கள் இருளில் இருக்க வேண்டியவர்களே. இக்கணக்கை நாம் ஏற்கலாமா?

ஸ்கொத்லாந்தின் வரலாற்றில் இதற்கு இரு விடைகளைக் காண்கிறோம்.

முதலாவது 1943இல் பிறந்தது. தொழிற்கட்சியைச் சேர்ந்தவரும் ஸ்கொத்லாந்துக்குப் பொறுப்பான போர்க்கால அமைச்சருமான ரொம் ஜோன்ஸ்ரன் முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தினால், வட ஸ்கொத்லாந்து நீர்மின் சபை நிறுவப்பட்டது. மலைநாட்டு நீரிற் பிறக்கும் மின்வலுவைத் தெற்கே விற்று, அவ்வருவாயினால் மலைநாட்டுக் குடிகளுக்கும் தீவுகளுக்கும் மின்சாரம் வழங்குவதே அதன் நெறி. தொலைவிற் பிறந்தமைக்காக எவரும் தண்டம் இறுக்கலாகாது என்பது அதன் உட்பொருள். 1991இல் அது தனியார்மயமாயிற்று.

அச்சபையின் கரம் எட்டாத தீவுகளும் இருந்தன. மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள எக் தீவில் வீடுகளில் டீசல் எந்திரங்கள் இரைந்தன. எண்ணெய் வாங்க வல்லவனுக்கு ஒளி, வல்லாதவனுக்கு இருள். நிலமோ தனியொருவர் உடைமை. 1997இல் தீவு மக்கள், உள்ளூராட்சி மன்றத்துடனும் வனவுயிர்ப் பாதுகாப்பு நிறுவனமொன்றுடனும் கூடி அந்நிலத்தை வாங்கினர். நிலம் கைக்கு வந்த பின்னரே ஒளி வந்தது. 2008 பெப்ரவரி 1ஆம் நாள், அருவி, காற்று, வெயில் மூன்றையும் இணைத்த அவர்களது சொந்த மின்னமைப்பு இயங்கலாயிற்று.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு வீடு ஒரே வேளையில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுத்தலாகாது, தொழிலகத்துக்கு 10. மீறினால் இணைப்பு அறும்.

இது சுதந்திரத்தைக் குறைக்கிறது என்பார் உளர். அறுவர் வாழும் வீட்டுக்கும் ஒருவர் வாழும் வீட்டுக்கும் ஒரே அளவு நீதியாகுமா என்பாரும் உளர். பின்னைய வினா நேர்மையானது. தேவைக்கேற்பப் பகிர்தலே உயர்ந்த நீதி. எனினும் இவ்வெல்லை ஒரே கணத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதையே கட்டுப்படுத்துகிறது. அடுப்பும் கேத்திலும் துணி துவைக்கும் எந்திரமும் ஒருசேர ஓடலாகாது, முறைவைத்து ஓடலாம். பெரிய குடும்பத்துக்குச் சிரமம் கூடுதலே. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

முன்னைய வினாவுக்கோ விடை எளிது. எல்லை முன்பும் இருந்தது. அதனைப் பணப்பை விதித்தது. அன்று அதற்கு வறுமை என்று பெயர். இன்று எல்லை எல்லார்க்கும் ஒன்று; விதித்தவர்களும் அவர்களே. அயலவன் விளக்கு அணையாதிருக்க நம் கை சற்று அடங்குவது அடிமைத்தனமாகாது.

ஆயின், தீவார் தாமே செய்துகொள்ளட்டும் என அரசுகள் கைகழுவ இது நியாயமாகிவிடக் கூடாது. எக் தீவின் மின்னமைப்புக்கும் ஐரோப்பிய வளர்ச்சி நிதி உள்ளிட்ட பொதுப்பணம் துணைநின்றது. தொலைவின் சுமையைப் பெருஞ்சமுதாயம் ஏற்கவேண்டும். கிடைத்ததன் அளவை அங்கு வாழ்வோரே வகுக்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விடுத்து மற்றதை ஏற்போர், ஒளியின் பாதியையே கேட்கின்றனர்.