கண்ணாடி அறையில் ஒரு கணக்குத் தேர்வு

1998இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியானது. கல்லூரி மாணவர்களையும் மாணவிகளையும் ஆளுயரக் கண்ணாடி வைத்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அதை உடுத்தியபடியே கணக்குப் போட வேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள், ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. நீச்சலுடைப் பெண்களிடம் உடம்பைப் பற்றிய அவமான உணர்வும் கூடியிருந்தது. அது கூடியவர்கள், பிறகு கொடுத்த தின்பண்டத்தையும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டே தின்றார்கள்.

அறையில் வேறு ஆளே இல்லை. அப்படியானால் பார்த்தது யார்?

பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1997இலேயே இதற்கு விடை சொல்லியிருந்தார்கள். ஊரார் தன் உடம்பை எடைபோடுவதைச் சிறு வயதிலிருந்தே காணும் பெண், நாளடைவில் அந்தக் கண்ணைத் தனக்குள்ளேயே குடியேற்றிவிடுகிறாள். பிறகு பார்க்க வெளியாள் தேவையில்லை. நடக்கும்போதும் உட்காரும்போதும் தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்ப்பதிலேயே மனத்தின் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. கணக்குக்கு மிஞ்சுவது மீதிதான்.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'என் இடுப்பு பெருத்துவிட்டது' என்பது அதிருப்தி. 'இப்படி ஒரு இடுப்பை வைத்துக்கொண்டு நான் வெளியே போகலாமா' என்பது அவமானம். முன்னது உடம்பைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. இரண்டாவதுதான் கொடியது என்பேன். முதலாவது இரண்டாவதாக முற்றுவதற்கு ஓயாத அந்தக் கண்காணிப்பு வழி செய்கிறது. 1996இல் மக்கின்லி, ஹைட் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய அளவுகோலும் கண்காணிப்பைத் தனியாகவும் அவமானத்தைத் தனியாகவும்தான் அளக்கிறது.

ஆஸ்திரேலியாவில் மரிகா டிக்கமனும் ஜெசிகா லிஞ்சும் 20 முதல் 84 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வு 2001இல் வந்தது. உடம்பின் மீதான அதிருப்தி வயது ஏறியும் குறையவில்லை. ஆனால் தன்னைத் தானே நோட்டமிடும் பழக்கம் குறைந்திருந்தது. தோற்றத்தைப் பற்றிய பதற்றமும், சாப்பாட்டை ஒட்டிய கோளாறுகளும் குறைந்திருந்தன. உடம்பு பிடிக்காமலேயே ஒருவர் நிம்மதியாக வாழ முடியும் என்பதற்கு இதைவிடத் தெம்பான சான்றை நான் படித்ததில்லை. 'உன் உடம்பை நேசி' என்ற அறிவுரை எனக்குப் போதாததாகப் படுவதும் இதனால்தான். தான் அழகு என்று நினைத்துக் கண்ணாடியை விட்டு நகராதவளும் காவலில்தானே இருக்கிறாள்!

ஆண்களுக்கு விலக்கு உண்டா? இல்லை. 2004இல் இறுக்கமான நீச்சலுடை கொடுத்துச் சோதித்தபோது அவர்களுடைய கணக்கும் தடுமாறியது.

தடுமாறுவது கணக்கு மட்டும் அல்ல. ஃபிரெட்ரிக்சனும் ஹாரிசனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் சிறுமிகளைப் பந்து எறியச் சொன்னார்கள். தோற்றத்தின் கண்ணால் தங்களைப் பார்த்துப் பழகியவர்கள் சரியாக எறியவில்லை. உங்கள் வீட்டுப் பெண் விளையாடிவிட்டு வந்தால், முகம் வாடியதையும் நிறம் மங்கியதையும் பேசாதீர்கள். பந்து எவ்வளவு தூரம் போனது என்று கேளுங்கள்.