ஒரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்



கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவர் சொன்னதைத்தான் இன்றைய நற்செய்தியிலிருந்து நாம் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவோம். அதோடு அவர் ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார். வானத்துப் பறவைகளைப் பாருங்கள், காட்டுச் செடிகளைக் கவனியுங்கள் என்கிறார். செடிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் மத்தேயு எழுதியிருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, பாடம் படிப்பதுபோல் ஊன்றிக் கற்றுக்கொள்வது என்று பொருள். யாரும் விதைக்காமல் வயல் ஓரத்தில் முளைத்த ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்து படி என்கிறார் ஆண்டவர். பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லும் நாம், இந்தக் கட்டளையைக் கட்டளையாகவே எண்ணியதில்லை.

இதை வாழ்நாள் முழுவதும் செய்த ஒருவரைப் பற்றி இன்று சொல்ல வேண்டும். பால் செசான் என்ற பிரெஞ்சு ஓவியர்.

தெற்குப் பிரான்சில் ஏக்ஸ் என்ற ஊரில் 1839-இல் பிறந்தவர். தந்தை தொப்பி வியாபாரத்தில் தொடங்கி வங்கி நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகன் சில காலம் படித்தும் பார்த்தார், மனம் ஒட்டவில்லை. தூரிகையை எடுத்துக்கொண்டு பாரிஸுக்குப் போனார். அங்கே அரசுக் கண்காட்சிக்கு ஓவியம் அனுப்புவார், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் இதே கதைதான். 1882-இல் ஒரே ஒரு முறை ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய ஓவியங்களுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி 1895-இல் நடந்தபோது அவருக்கு வயது 56. பத்திரிகைகள் கேலி செய்தன, பிறந்த ஊரும் மதிக்கவில்லை. ஆனாலும் விடியும்போது வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எங்கே போனார்? ஏக்ஸ் நகருக்குக் கிழக்கே சென்ட் விக்த்வார் என்றொரு மலை இருக்கிறது. வெளிறிய சுண்ணாம்புப் பாறை, 1,011 மீட்டர் உயரம். உலகம் வியக்கும் உயரம் ஒன்றுமில்லை. அந்த ஒரே மலையை அவர் தைல வண்ணத்தில் 30 தடவைக்கு மேல் வரைந்தார். நீர்வண்ணத்தில் வரைந்தவை வேறு. கடைசிக் காலத்தில் லோவ் குன்றின் சரிவில் ஓர் ஓவியக்கூடம் கட்டிக்கொண்டு, அங்கிருந்து மேலே ஏறிப் போய் மறுபடியும் அதே மலையைத்தான் பார்த்தார். இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்பு மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு சற்றே வலப்பக்கமும் சற்றே இடப்பக்கமும் சாய்ந்தால் போதும், மாதக்கணக்கில் வரைவதற்கு இருக்கிறது என்று சொல்கிறார். அறுபத்தேழு வயதில், பிறந்த ஊரிலேயே ஒருவருக்கு இன்னும் பார்த்து முடியவில்லை.

அந்தக் கடைசிக்கால ஓவியங்களில் ஒன்றின் அச்சுப் படம் பங்கு இல்லத்தில் என் மேசைமேல் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் மலை, வானம், கீழே வயல். கிட்டத்தில் போனால் மலையைக் காணோம். விரல் அகல வண்ணத் தீற்றல்கள்தான் இருக்கின்றன, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. வானத்திலும் பச்சை இருக்கிறது, கீழே மரங்களில் உள்ள அதே பச்சை. சில இடங்களில் வண்ணமே இல்லை, வெறும் துணி தெரிகிறது. முதலில் அதை முடிக்காமல் விட்ட வேலை என்றே நினைத்தேன். பிறகுதான் வொல்லார் என்ற ஓவிய வணிகர் எழுதிவைத்த சம்பவத்தைப் படித்தேன். தம்மை வரையச் சொல்லி அவர் செசான் முன்னால் 115 தடவை உட்கார்ந்தாராம். படத்தில் கையில் இரண்டு சின்ன இடங்கள் வண்ணமில்லாமல் இருந்தன. கேட்டதற்கு, சரியான நிறம் கிடைத்தால் நாளை வைப்பேன், ஏதோ ஒன்றை வைத்து நிரப்பினால் அங்கிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மாற்றி வரைய வேண்டியிருக்கும் என்றாராம் செசான். கடைசியில் அந்தச் சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இறைமக்களே, இதைப் படித்தபோது எனக்குத் தொடக்க நூலின் முதல் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கடவுள் ஒவ்வொன்றாகப் படைக்கிறார், மீண்டும் மீண்டும் நிறுத்திப் பார்க்கிறார், நல்லது என்று காண்கிறார். படைத்தவரே நின்று பார்த்த உலகம் இது. கலைஞர்களுக்கென்று 1999-இல் எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கிறார், கலைஞனோ தனக்குத் தரப்பட்டதிலிருந்து செய்கிறான் என்று வேறுபடுத்திக் காட்டினார். தரப்பட்டதைப் பொய்யாக நிரப்பிவிடக் கூடாது என்ற அச்சம் செசானின் வெற்றிடங்களில் இருக்கிறது. அதை இறையச்சத்தின் உறவு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. முன்கோபி. நண்பர்களை இழந்தவர். தந்தைக்குப் பயந்து மனைவியையும் மகனையும் பல ஆண்டுகள் மறைத்து வைத்தவர். ஐம்பது வயதை ஒட்டித்தான் திருச்சபையின் வாழ்வுக்குத் திரும்பினார். அதன்பின் ஏக்ஸ் பேராலயத்தில் ஞாயிறு திருப்பலிக்கு வருவது வழக்கமாயிற்று. அந்த மலையின் முகட்டில் 1875-இல் பெரிய சிலுவை ஒன்றை எழுப்பினார்கள், இன்றும் நிற்கிறது. ஆனால் செசானின் மலையில் அது கண்ணில் படுவதில்லை. ஏன் வரையவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால், சாலமோனின் ஞானம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள் என்பேன். படைப்புகளின் அழகே படைத்தவரை நோக்கி நம்மைக் கூட்டிப்போக வேண்டும் என்று அங்கே ஞானி வாதாடுகிறார். பாறையை ஒழுங்காகப் பார்த்தவன் ஆண்டவரின் கைவேலையைத்தான் பார்த்திருக்கிறான்.

1906 அக்டோபர் 15, திங்கட்கிழமை. வெளியே வரைந்துகொண்டிருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. முதியவர், நீரிழிவு நோயாளி, பல மணி நேரம் மழையில் நனைந்து விழுந்துவிட்டார். துணி வெளுப்பவர்களின் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆட்கள் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். மறுநாள் விடியற்காலையில் எழுந்து ஓவியக்கூடத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார், தோட்டக்காரர் வல்லியேயின் படத்தில் வேலை மிச்சமிருந்தது. திரும்பி வரும்போது உயிர் ஊசலாடியது. அதற்கும் அடுத்த நாள், 17-ஆம் தேதி, வண்ணம் விற்கும் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். 7-ஆம் எண் அரக்குச் சிவப்பு 10 கேட்டு எட்டு நாளாகிறது, பதிலே இல்லையே என்ன ஆயிற்று என்று. ஒரு வாரத்துக்குள் அடக்கம் செய்யப்படப்போகிற மனிதர் கேட்டது 10 டியூப் வண்ணம்! நாளைக்காகக் கவலைப்படுகிறவரின் கடிதம் என்று சிலர் இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. மலை அங்கேயே இருக்கிறது, பார்க்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று நம்பியவரின் கடிதம் அது.

நம் கதைக்கு வருவோம். இன்று காலை கோவிலுக்கு வந்த வழியில் எந்த மரம் பூத்திருந்தது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? திருப்புகழ்மாலையில் மலைகளும் குன்றுகளும் ஆண்டவரைப் புகழட்டும் என்று செபித்துவிட்டு, சன்னலைத் திறக்காமலே காலை உணவுக்குப் போன குரு நான். அதை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். குளத்தில் குப்பை கொட்டுகிறோம், நிழல் தந்த மரத்தைச் சுவருக்கு இடைஞ்சல் என்று வெட்டுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ மடலை நம் கையில் கொடுத்த பிறகும் இது நடக்கிறது. நேரம் எடுத்துப் பார்த்திருந்தால் கை அவ்வளவு எளிதாக ஓங்கியிருக்குமா? வீட்டில் படம் வரைகிற பிள்ளை இருந்தால், படிப்பைக் கெடுக்கிறது என்று தாளைப் பிடுங்காதீர்கள். அந்தப் பிள்ளை ஆண்டவர் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்லப்போகிறோம். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் என்று வருகிற இடத்தில் அவசரப்படாதீர்கள். தினமும் நீங்கள் கடந்துபோகிற ஒரு மரத்தையோ குளத்தையோ மலையையோ மனக்கண்ணில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.