சிவப்பு டிராகனும் வேதாகமமும்

வேல்ஸ் நாட்டுக் கொடியின் மேற்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி பச்சை. அதன் மேல் ஒரு சிவப்பு டிராகன், முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி கொடிக்கம்பத்தை நோக்கி நடக்கிறது. நாக்கும் வாலும் அம்புமுனைபோல் கூர்ந்திருக்கின்றன. இக்கொடி 1959இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. டிராகனுக்கு வேல்ஸ் மக்கள் வழங்கும் பெயர் 'அ த்ரைக் கோஹ்'. சிவப்பு டிராகன் என்றே பொருள்.

வேல்ஷ் மொழி வேதாகமத்திலும் அதே பெயரில் ஒரு மிருகம் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில், ஏழு தலையும் பத்துக் கொம்புமாக. தமிழ் வேதாகமத்தில் அதுதான் வலுசர்ப்பம். நிறம் அங்கும் சிவப்பு. அது சாத்தானே என்று அந்த அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. நெடுங்காலமாகக் கிறிஸ்தவம் வேரூன்றிய நாடு இந்த உருவத்தைக் கொடியில் ஏற்றலாமா? 2007இல் வேல்ஸ் தேர்தலில் நின்ற ஒரு கிறிஸ்தவக் கட்சி, கூடாது என்றது. கறுப்புத் துணியில் மஞ்சள் சிலுவை கொண்ட, வேல்ஸின் பாதுகாவலர் புனித டேவிட்டின் கொடியே போதும் என்பது அதன் வாதம். கேலி செய்து தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. அதற்கு வேதாகமத்தில் ஆதாரம் இருக்கிறது.

ஆனால் டிராகன் வந்த வழி வேறு. ரோமானியக் குதிரைப்படை கம்பத்தின் நுனியில் உலோகத்தாலான டிராகன் தலையைச் செருகி, பின்னால் துணிக்குழல் ஒன்றைக் கட்டியிருக்கும். காற்றுப் புகுந்தால் அது உடல்போல் உப்பி நெளியும். பிரிட்டனுக்கு இந்த உருவம் அவ்வழியே வந்திருக்கக்கூடும். 6ஆம் நூற்றாண்டுத் துறவி கில்டஸ், மேல்குன் என்ற அரசனைத் தீவின் டிராகன் என்று கடிந்துகொள்கிறார். வேல்ஷ் கவிஞர்களுக்கோ டிராகன் என்றால் மாவீரன். துறவிக்கு வசையான சொல் கவிஞனுக்குப் புகழ்மொழி.

சிவப்பு டிராகனின் கதை ஏறத்தாழ 830இல் எழுதப்பட்ட 'ஹிஸ்டோரியா பிரிட்டோனம்' என்ற இலத்தீன் நூலில் இருக்கிறது. வோர்டிகர்ன் என்ற அரசன் மலைமேல் கோட்டை கட்ட முயல்கிறான். சேர்த்துவைத்த கல்லும் மரமும் ஒரே இரவில் மறைந்துவிடுகின்றன. தந்தையில்லாத சிறுவனைப் பலியிட்டு அவன் இரத்தத்தைத் தெளித்தால்தான் கோட்டை எழும்பும் என்கிறார்கள் மந்திரவாதிகள். பிடித்துவந்த சிறுவன் அவர்களையே கேட்கிறான்: இந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது? அவர்களுக்குப் பதில் தெரியவில்லை. தோண்டினால் ஒரு குளம்; அதனுள் மடித்த கூடாரத் துணி; துணிக்குள் உறங்கும் இரண்டு பாம்புகள். வெள்ளைப் பாம்பு சிவப்பை ஓரத்துக்கு நெருக்குகிறது, கடைசியில் சிவப்பே அதைத் துரத்திவிடுகிறது. குளம் இவ்வுலகம், துணி அரசனின் நாடு, பாம்புகள் இரண்டு டிராகன்கள், சிவப்பு நம் மக்கள், வெள்ளை நாட்டுக்குள் புகுந்த சாக்ஸன்கள் என்று சிறுவன் விளக்குகிறான்.

இந்தக் கதையை எழுதிவைத்தது கிறிஸ்தவக் கை. இதில் பாம்பை யாரும் வணங்கவில்லை, படையல் வைக்கவில்லை. கேட்கப்பட்ட நரபலிகூட நின்றுபோகிறது. பாம்பு இங்கே கடவுளல்ல, பொருள் அறிய வேண்டிய ஓர் அடையாளம். வேதாகமத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. மோசே வனாந்தரத்தில் வெண்கலச் சர்ப்பத்தைக் கம்பத்தில் உயர்த்தினார். அதைத் தம் சிலுவைக்கு ஒப்பாக இயேசுவே சொன்னதாக யோவான் எழுதுகிறார். பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோதுதான் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். அவர் உடைத்தது பாம்பின் உருவத்துக்காக அல்ல, தூபத்துக்காக. வேல்ஸ் கொடிக்கு யாரும் தூபம் காட்டுவதில்லை.

1485இல் பாஸ்வொர்த் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனான, வேல்ஸ் வழிவந்த ஹென்றி டியூடர், தன் கொடிகளை லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் காணிக்கையாக வைத்தான். டியூடர் நிறங்களான வெள்ளை, பச்சை மேல் சிவப்பு டிராகன் ஒன்றில். டிராகனைக் கொன்ற புனித ஜார்ஜின் சின்னம் மற்றொன்றில். இரண்டும் ஒரே கோயிலுக்குள் சென்றன.

வேல்ஸின் ராட்னர் ஃபாரஸ்ட் என்ற மலைப்பகுதியில் கடைசி டிராகன் உறங்குகிறது என்பது அங்குள்ள நம்பிக்கை. அதைச் சுற்றி நான்கு தேவாலயங்கள், நான்கும் வலுசர்ப்பத்தை வென்ற தூதனான மிகாவேலின் பெயரில். அவற்றில் ஒன்று இடிந்தாலும் டிராகன் விழித்துக்கொள்ளும் என்கிறார்கள்.