முதியவரின் விருப்பமும் வழக்கறிஞரின் கடமையும்

பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிவைக்க முற்படும் முதிய பெற்றோர் தமக்கெனத் தனியே ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வது பாசத்தின்மீது நம்பிக்கை இழந்த செயலா என்னும் கேள்வி, சட்டக் கேள்வியாகத் தோன்றினும், அடிப்படையில் அறவியல் சார்ந்ததாகும். தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் மகனோ மகளோ தமக்குப் பழக்கமான வழக்கறிஞரிடமோ பத்திர எழுத்தரிடமோ பேசி ஆவணத்தைத் தயார்செய்த பின்னரே பெற்றோரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். கையொப்பமிடும் நாளில்கூட ஆவணத்தின் உள்ளடக்கத்தை முழுமையாக அறியாத முதியவர்கள் உண்டு.

தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையைக் கண்ட இல்லறத்தான் வனம் புகலாம் என்று மனுஸ்மிருதி கூறும் வானப்பிரஸ்த நிலையைக் காட்டி, வயதான காலத்தில் உடைமை எதற்கு என்று கேட்பது எளிது. ஆயினும் துறத்தல் என்பது துறப்பவரின் செயல்; எதை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதைப் பெறுபவரே முடிவுசெய்துவிட்டால், கொடுத்தவருக்கு அதில் அறமும் இல்லை, நிறைவும் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 16ஆம் பிரிவில் இதையே வேறு மொழியில் சொல்கிறது: முதுமையாலோ நோயாலோ மனத்திறன் பாதிக்கப்பட்ட ஒருவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவருடைய விருப்பத்தை ஆளும் நிலையில் இருப்பவராகக் கருதப்படுவார், அந்நிலையைப் பயன்படுத்தி முறையற்ற ஆதாயம் பெறுவது ‘தகாத செல்வாக்கு’ எனப்படும்.

இந்த அறக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது உயிலுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கும் இடையிலான தேர்வில்தான். உயில் எழுதியவர் இறந்த பின்னரே நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றவும் நீக்கவும் அவருக்கு உரிமை உண்டு. சொத்தை உடனே மாற்றித் தரும் செட்டில்மென்ட் பத்திரத்தையோ, பதிவு செய்யப்பட்டு ஏற்கப்பட்டபின், எழுதியவர் தம் விருப்பப்படி ரத்து செய்ய இயலாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, தன் 23ஆம் பிரிவில், பராமரிப்பு நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால் அம்மாற்றத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது. 2022இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனை இருந்தமை நிறுவப்பட வேண்டும் என்றது. 2025இல் ஊர்மிளா தீட்சித் வழக்கில் இச்சட்டத்தை முதியோர் நலன் நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளின் போக்கை நம்பியிருப்பதைவிட நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியில் வெளிப்படையாக எழுதுவது மேல். பேணும் எண்ணம் உடைய மகனுக்கு அவ்வரியால் எந்த இழப்பும் இல்லை.

அவ்வரியை எழுதுமாறு வற்புறுத்த, முதியவரை மட்டுமே தம் கட்சிக்காரராகக் கொண்ட வழக்கறிஞர் தேவை. கட்சிக்காரரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ அல்லாத எவருடைய அறிவுறுத்தலின்படியும் வழக்கறிஞர் செயல்படலாகாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதி. கட்டணத்தை மகனே செலுத்தினாலும் தாய்க்காக அமர்ந்தவர் தாயின் வழக்கறிஞரே. நம்பத்தக்கவரை ஆராய்ந்து தெளிவதற்கென்று திருக்குறள் பொருட்பாலில் தனி அதிகாரமே உண்டு. முதியவர் தம் வழக்கறிஞரை ஆராய முதல் சந்திப்பே போதுமான இடம் தருகிறது. உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லி முதியவரிடம் தனியே பேசுகிறாரா, வரைவை அவருக்கு விளங்கும் தமிழில் படித்துக் காட்டுகிறாரா, கட்டணத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்கிறாரா என்பவற்றை அங்கேயே காணலாம். பொருள் வசதி இல்லாமை இதற்குத் தடையாக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்பதை முதிய தாய்மார் பலர் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

நினைவு மங்கத் தொடங்கியவரிடம் வழக்கறிஞரின் கடமை மேலும் கடினமாகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, வழக்கமாக மனநலம் குன்றியவரும் தெளிவான இடைவேளையில் உயில் எழுதலாம் என ஏற்கிறது. ஆகவே நோயின் பெயரைக் கேட்டதுமே முதியவரை ஒதுக்கிவிடுவது அநீதி. தெளிவுள்ள வேளையைத் தேர்ந்து, பதிலை உள்ளடக்கிய கேள்விகளைத் தவிர்த்து, யாருக்கு எதை ஏன் கொடுக்க விரும்புகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதே கேள்வியை மற்றொரு நாளும் கேட்டுப் பார்க்கும் பொறுமை வழக்கறிஞருக்கு வேண்டும். விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதபோது, குடும்பம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அந்த ஆவணத்தை எழுத அவர் மறுக்க வேண்டும்.